கொதித்த வண்டியைக் குளிர்வித்த வரலாறு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பின் வேப்பமரத்தடியில், ஒரு பழைய மோட்டார் வண்டியைச் சுற்றி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் நடைபெற்ற வேலையைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். அவ்வேலையில் இறங்கியவர்கள் மூவர். ஒருவர் ரயில்வே அலுவலக எழுத்தர்; ஒருவர் பள்ளி ஆசிரியர்; மற்றொருவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மூவருள் எவரும் பொறியியல் பயின்றவரல்லர். மெட்ரிகுலேஷனைத் தாண்டாதவரும் எங்களுள் உண்டு. மூவர் சார்பிலும் இப்பொழுது உங்கள் முன் நிற்பவர் அவர்தாம். ஆகவே குற்றம் காணின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

அந்த வண்டி எங்கள் குடியிருப்பில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவருடையது. 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்ட இரட்டைக் கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அலுவல் மாற்றலாகித் தலைநகருக்கு வந்தபோது, புதுமணப்பெண்ணாயிருந்த துணைவியாரை அருகில் அமர்த்திக்கொண்டு, சென்னையிலிருந்து நாகபுரி வழியாக அதனை அவரே ஓட்டிவந்தார் என்று கேட்டிருக்கிறோம். அவர் மறைந்தபின் வண்டி ஆறாண்டுகள் துணி போர்த்தப்பட்டு நின்றது. பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரர் வந்து பார்த்து, எடைக்கு விலை சொன்னார். அன்று மாலை அந்த அம்மையார் எங்களை அழைத்து, "தம்பி, எடைக்குப் போடுவதென்றால் போட்டுவிடலாம். போவதற்குமுன் அது ஒருமுறை ஓடும் ஓசையைக் கேட்டால் போதும். கடைசியாக ஓடியபோது கொதித்துப் புகைந்து நின்றுவிட்டது. அந்தக் கோலத்தில் அதை அனுப்ப மனம் ஒப்பவில்லை" என்றார். நாங்கள் எங்கள் தகுதியைச் சற்றும் எண்ணிப் பாராமல், "செய்து தருகிறோம், அம்மா" என்று சொல்லிவிட்டோம்.

இளைஞர்கள் பலர் ஹெரால்டைக் கண்டிருக்க மாட்டார்கள். அது தமிழ்நாட்டில் உருவான கார். 1948இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம், வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியிலிருந்த தன் தொழிற்சாலையில் 1961 முதல் இதனைச் செய்தது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டே இதன் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலி நாட்டு ஜியோவானி மிக்கெலாட்டி. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, அவரே வரைந்த உருவத்தைப் பொருத்தி, 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயப் பாங்குடைய காரும் வெளிவந்தது. உலகெங்கும் பழைய கார் விரும்பிகள் போற்றும் அந்த ஸ்பிட்ஃபயரும், நம் அம்மையாரின் ஹெரால்டும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் பொதுவான ஒரு நற்குணம் உண்டு. முன்புற மூடி முழுவதும், சக்கர மறைப்புகள் உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். அதன்பின் இயந்திரத்தின் மூன்று பக்கமும் வெட்டவெளி. முன்சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே வேலை செய்யலாம். வீட்டு வாசலில் பழுது பார்ப்பதற்கு இதைவிட ஏற்ற அமைப்பு அரிது.

முதல் ஞாயிறன்று பழைய பெட்ரோலை வடித்து, எண்ணெயை மாற்றி, புதிய மின்கலம் பொருத்தினோம். ரேடியேட்டரில் நீர் நிரப்பி முடுக்கியதும் இயந்திரம் உயிர்பெற்றது. மாடங்களிலெல்லாம் கைதட்டல்! கால்மணி நேரம் செல்லுமுன் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. மூடியின் ஓரத்தில் ஆவி சீறியது. நாங்கள் இயந்திரத்தை நிறுத்தினோம். அதுவரை செய்தது சரி. அடுத்துச் செய்ததே தவறு. பத்து நிமிடம் கழிந்துவிட்டதென எண்ணி, எங்களுள் ஒருவர் ஈரத்துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் ஓராள் உயரம் பீறிட்டு எழுந்தது. அவருடைய மணிக்கட்டு வெந்தது. நல்லவேளையாக, வேடிக்கை பார்த்த சிறுவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

இது ஏன் நிகழ்ந்தது என்பதைத் தாய்மார்கள் எளிதில் அறிவார்கள். பிரஷர் குக்கரின் தத்துவமே ரேடியேட்டர் மூடியிலும் உள்ளது. கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவாதலால் ஏறத்தாழ 92 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினாலோ கொதிநிலை உயரும். மூடியின் வில் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கினால், உள்ளே நீர் 111 பாகை வரை கொதியாமல் நிற்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் நீங்கி, 100 பாகைக்கு மேற்பட்ட நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாக வெடித்து, எஞ்சிய நீரையும் உடன் வாரி எறியும். ஈரத்துண்டு இதற்குக் காப்பாகாது. கை வைத்தால் சுடாத அளவுக்கு ரேடியேட்டர் ஆறும்வரை மூடியைத் தொடலாகாது என்பதே காப்பு. வெந்த கையை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். அதன்மேல் பற்பசையோ மையோ நெய்யோ தடவலாகாது. எங்கள் நண்பரை அவ்வாறே செய்வித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரண்டு வாரத்தில் குணமடைந்தார்.

அன்றிரவு மூவரும் கூடி ஆலோசித்தோம். இனி எந்தத் திருகாணியையும் காரணம் அறியாமல் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, பின்னரே மருந்து தேட வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்த முறை மனிதர்க்கு மட்டுமன்று, மோட்டாருக்கும் பொருந்தும்.

பெட்ரோல் எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே சக்கரத்தைச் சுழற்றும். பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், குளிர்நீர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். இயந்திரக் கட்டையைச் சுற்றி அறைகளில் நீர் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பம்ப் அதனைச் சுற்றி வரச் செய்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுள் அது மேலிருந்து கீழே இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்று வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கிக் கதவு நின்று, நீர் போதிய சூடு அடைந்த பின்னரே ரேடியேட்டருக்கு வழி விடுகிறது. இவற்றுள் எது தவறினாலும் முள் சிவப்பைத் தொடும். எது தவறிற்று என்பதே கேள்வி.

இரண்டாம் ஞாயிறன்று, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தோம். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினோம். அரை அங்குலம் தாழ்ந்தது. அது சரியான இறுக்கமே. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தோம். பாலேடு போன்ற வெண்மை இல்லை. குளிர்ந்த இயந்திரத்தை மூடியில்லாமல் முடுக்கி நீரைக் கவனித்தோம். தொடர்ச்சியாகக் குமிழிகள் எழவில்லை. இவ்விரண்டாலும் தலைப்பகுதியின் கேஸ்கட் உடைந்திருக்கவில்லை என்று தெளிந்து பெருமூச்சு விட்டோம். அதுவே பெருஞ்செலவு வைப்பது. பின்னர் மூடியை இட்டு இயந்திரத்தைச் சூடேற்றி நிறுத்தி, விசிறி நின்றபின் ரப்பர்க் குழாய்களைத் தொட்டுப் பார்த்தோம். மேற்குழாய் கை வைக்க முடியாத சூடு. கீழ்க்குழாய் வெதுவெதுப்புக்கூட இல்லை. மேலே சென்ற நீர் கீழே வந்து சேரவில்லை. ஒன்று தெர்மோஸ்டாட் மூடிக் கிடக்க வேண்டும். அன்றேல் ரேடியேட்டர் அடைபட்டிருக்க வேண்டும்.

வண்டி நன்கு ஆறியபின் நீரை வடித்தோம். செங்காவி நிறத்தில் வந்தது. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை! பல்லாண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பட்டறையில், வண்டி சூடேறுகிறது என்ற முறையீட்டுக்கு மருந்தாக அதனைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அடைப்பு அப்படியே இருந்தது; அடையாளம் மட்டுமே சிறிது காலம் மறைந்தது. எனில் குற்றவாளி ரேடியேட்டரே. அதனைக் கழற்றி நிறுத்தி ஒரு வாளி நீரை மேல்வாயில் ஊற்றியபோது, கீழ்வாயில் நூல்போல் வழிந்தது. அதனைச் சாய்த்துத் தட்டியபோது சாம்பல் நிறச் செதில்கள் உதிர்ந்தன.

அவை யாவை என்று நாங்கள் மூவரும் சிந்தித்து நின்றபோது, மாடத்திலிருந்து இறங்கி வந்த அம்மையார் ஒரு செதிலை விரலால் நசுக்கிப் பார்த்து, "இது நம் வீட்டுக் கீசரில் படிவதுதானே, தம்பி? கெட்டிலிலும் இதே சுண்ணாம்புதான்" என்றார். ஆம், அதுவே உண்மை. எங்கள் குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினத்தன்மை மிக்கது. வண்டி கொதிக்கும்போதெல்லாம் அந்நீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். நீர் ஆவியாகிப் போக, அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்களுள் தங்கிற்று. தங்கியதால் மேலும் கொதித்தது. கொதித்ததால் மேலும் ஊற்றினார்கள். மருந்தென்று எண்ணி ஊற்றியதே நோயை வளர்த்துவிட்டது.

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இஃது அறியாத செய்தியன்று. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், குறித்த நாட்களுக்கு ஒருமுறை ஷெட்டில் கொதிகலனைக் கழுவிச் சுண்ணாம்புப் படிவத்தை நீக்குவது கட்டாய வேலை. படிவம் வெப்பத்தைக் கடத்தாது. அதனால் உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறும். நீர் குறைந்துபோனால் எச்சரிக்கை செய்வதற்காகவே, எரியறையின் கூரையில் எளிதில் உருகும் ஈய அடைப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினுக்கும், நம் வீட்டுக் கெட்டிலுக்கும், அம்மையாரின் ஹெரால்டுக்கும் பகை ஒன்றே.

ரேடியேட்டரைத் தலைகீழாக நிறுத்தி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நீர் பாய்ச்சினோம். பிறகு எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து நிரப்பி வைத்து, வடித்து, சோடா உப்பு கலந்த நீரால் புளிப்பை முறித்து, நல்ல நீரால் பன்முறை அலசினோம். ஓட்டம் பெருகியது, ஆயினும் முழுமை பெறவில்லை. இங்கே எங்கள் திறமையின் எல்லையை ஒப்புக்கொண்டோம். காஷ்மீரி கேட்டில் ரேடியேட்டர் வேலை அறிந்த முதிய தொழிலாளி ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் மேல்தொட்டியின் பற்றாசை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயினுள்ளும் மெல்லிய தட்டைக் கம்பியைச் செலுத்திச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைத்துத் தந்தார். நாங்கள் பேசிய இந்தியைக் கேட்டு அவர் நகைத்தார்; அவர் கைவேலையைக் கண்டு நாங்கள் வியந்தோம். வீட்டில் செய்வதென்பது எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வதன்று. எதை யாரிடம் கொடுப்பது என்று அறிந்து கொடுப்பதும் அதில் அடங்கும்.

மூன்றாம் ஞாயிறன்று பம்பைப் பார்த்தோம். அதன் அடியிலுள்ள சிறு துளையில் நீர் கசிந்த கறை இருந்தது. உள்ளிருக்கும் அடைப்பு தேய்ந்தால் எச்சரிக்கையாகக் கசியட்டும் என்றே அத்துளையை வைத்திருக்கிறார்கள். அறியாதவர் அதனை அடைத்துவிடுவதும் உண்டு. புதிய அடைப்பு, தெர்மோஸ்டாட், ரப்பர்க் குழாய்கள் யாவும் சென்னைப் புதுப்பேட்டையில் உறவினர் ஒருவர் இரண்டு நாள் அலைந்து தேடி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்த அன்பர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். வண்டலூரில் பிறந்த வண்டிக்குப் பிறந்தகத்துச் சீர் வந்ததென்று அம்மையார் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் நெடுநாளாயிற்று.

தெர்மோஸ்டாட்டைப் பொருத்துமுன் சோதனை செய்தோம். அதனைச் சிறுவர்களின் பொறுப்பில் விட்டோம். ஒரு பாத்திரத்து நீரில், அடியைத் தொடாதவாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியை உடன் நிறுத்தி, அடுப்பை மூட்டினார்கள். 82 பாகை என்று அதன்மேல் பொறித்திருந்தது. முள் 80ஐக் கடந்ததும் அனைவரும் வாய் மூடி நின்றார்கள். 83இல் கதவு மெல்லத் திறக்கலாயிற்று. அப்பொழுது எழுந்த ஆரவாரம் அடுத்த கட்டடம் வரை கேட்டிருக்கும்! "வெயில் மிகுந்த நம் நாட்டுக்கு இது எதற்கு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. இது இல்லாவிடில் இயந்திரம், அதிலும் தில்லியின் தை மாதக் குளிரில், உரிய சூட்டை எட்டாமலே ஓடும். எரியாத பெட்ரோல் உருளையின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் மிகும். மிகு வெப்பம் போலவே குறை வெப்பமும் கேடு என்று ஆசிரியர் விளக்கினார்.

நான்காம் ஞாயிறன்று யாவற்றையும் பொருத்தி, கிணற்று நீரை விலக்கி, வாலைநீரும் கூலண்ட் என்னும் கிளைக்கால் கலவையும் சரிபாதியாக நிரப்பினோம். இக்கலவை அழுத்தமின்றியே ஏறத்தாழ 107 பாகை வரை கொதியாது. அதனுடன் சேர்ந்த மருந்துகள் துருவையும் தடுக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சிந்தியதைக் குழந்தையோ நாயோ நக்கினால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து நேரும். சிந்தியதை அப்பொழுதே கழுவித் துடைத்து, பழையதைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கலத்தில் அடைத்து, எட்டாத இடத்தில் வைத்தோம்.

ஐந்தாம் ஞாயிறு, நண்பகல். தில்லி வெயில் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேளையையே வேண்டுமென்று தேர்ந்தோம். அப்பொழுது தாங்கினால் எப்பொழுதும் தாங்கும். அம்மையாரை ஓட்டுநர் இருக்கைக்கு அருகில், அவர் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்த்தினோம். இயந்திரத்தை முடுக்கினோம். முள் எழுந்தது, நடுவை அடைந்தது. கால்மணி, அரைமணி, முக்கால்மணி. முள் அசையவில்லை. கீழ்க்குழாய் இப்பொழுது சூடாயிருந்தது. நீர் சுற்றி வருகிறது என்பதற்கு அதுவே சான்று. அம்மையார் ஒன்றும் பேசவில்லை. முகப்புப் பலகையின்மேல் கையை வைத்தபடி ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தலாமா என்று கேட்டபோது, "இன்னும் ஐந்து நிமிடம், தம்பி" என்றார். மறுநாள் கபாடிக்காரர் வந்தபோது, பழைய செய்தித்தாள்களை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

இனி வண்டியின் எதிர்காலம் பற்றி ஒரு சொல். தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. நாம் சுவாசிக்கும் காற்றின் நிலையை எண்ணினால் அந்த நோக்கத்தைக் குறை கூற முடியாது. அதே வேளையில், 50 ஆண்டு கடந்து மூல உருவம் மாறாத வண்டிகளைப் பழம்பொருளாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி வகுத்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கு அத்தகைய வண்டியைப் பயன்படுத்தலாகாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அம்மையார் விண்ணப்பம் அளித்துள்ளார். அந்த எண் வரும்வரை ஹெரால்டு எங்கள் வளாகத்தைவிட்டு வெளியேறாது.

1964 முதல் தலைநகரில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்திவரும் பழைய கார் அணிவகுப்பைக் கண்டவர்கள், அதில் கலந்துகொண்ட ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். 1914இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, நிஜாம் அரசு ரயில்வேக்கு வந்து, சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் வண்டி அது. நூறாண்டு கடந்த அதனை இயங்கும் நிலையில் வைத்திருந்தவை, நாள்தோறும் துடைத்து, கசிவு கண்டு, காரணம் தேடிய தொழிலாளர் கைகளே.

அன்பர்களே, இதனால் நாங்கள் கற்றது பெரிய கலையன்று. பொங்கி வரும்போதெல்லாம் நீர் ஊற்றுவது பழுது பார்ப்பதாகாது. எங்கே அடைப்பு என்று தேடிக் காண்பதே பழுது பார்ப்பது. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும், அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்ளும் மனமும், ஆறும்வரை மூடியைத் தொடாத அடக்கமும் வேண்டும். உங்கள் இல்லங்களில் பழுதென்று ஒதுக்கிய தையற்பொறியோ, வானொலியோ, மின்விசிறியோ இருப்பின், அதனை எடைக்குப் போடுமுன் ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு அமர்ந்து, மின் இணைப்பை நீக்கிவிட்டு, திறந்து பாருங்கள். எங்கள் வேப்பமரத்தடி எந்த ஞாயிறும் உங்களை வரவேற்கும்.